மனிதரால் இயலாத எண்ணிக்கை

வால்பரைசோ மலைமேல் இருக்கிறது,
அல்லது மலைகளெல்லாம் வால்பரைசோவின் மேல்.
துறைமுகத்திலிருந்து என் வீட்டுக்கு
நானூற்றுப் பன்னிரண்டு படி.
நான் காட்டுவது பதினான்கு.

நீலத் தகரச் சுவர், மஞ்சள் கைப்பிடி,
பனிமூட்டம் விலகிய பிறகு
முகத்தில் நேராக விழாத வெளிச்சம்.
ஏறுவேன். இறங்குவேன். மறுபடி ஏறுவேன்.
பதினைந்து வினாடி.
முதல் இரண்டு வினாடிக்குள்
யாரோ ஒருவரின் கட்டைவிரலைத் தடுத்து நிறுத்தாவிட்டால்
நான் இல்லாதவள்.
இது செயலிக்காரர்கள் அனுப்பிய குறிப்பில் மூன்றாம் வரி.
நான்காம் வரி:
வியர்வை தெரியலாம், களைப்பு தெரியக் கூடாது.
வியர்வைக்கு ஒரு தெளிப்பான் வைத்திருக்கிறேன்,
துணி தேய்க்கப் பயன்படுத்துவது.

‘யாஸ்னாவோடு ஏறுங்கள்!
என் பெயரைக் குறியீடாகப் போட்டால் முதல் மாதம் இலவசம்!’
ஒரு தரவிறக்கத்துக்கு எனக்கு முந்நூறு பேசோ.
ஒரு ரொட்டி வரும், வெண்ணெய் வராது.

ஆகஸ்டில் இடது முட்டி போயிற்று.
ஒப்பந்தத்தில் இன்னும் பத்தொன்பது நாள்,
நாளுக்கு அறுபது மாடி, திரையில் ஆதாரத்தோடு.
முட்டிக்குள் யாரோ சரளைக்கல் போட்டுக்
குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

டங், டங், டங்.
கீழே லாரியில் நின்று
இரும்பால் உருளையைத் தட்டுகிற சத்தம்.
ருபெலிந்தோ.
எங்கள் மேட்டுக்கு எரிவாயு சுமப்பவர்.
லாரி ஏறாத இடத்துக்கெல்லாம் அவர் தோள்தான் சாலை.
என் படப்பிடிப்பில் எத்தனையோ தடவை குறுக்கே வந்து
வெட்டி எறியப்பட்டவர்.
ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்,
உருளையை இறக்காமலே.

அவர் சட்டைப் பையில் என் கைபேசியைப் போட்டேன்.
“சாயங்காலம் தாருங்கள். மூவாயிரம் தருகிறேன்.”
“அழைப்பு வந்தால்?”
“வராது.”

சாயங்காலம் திரும்பி வந்தது, கொஞ்சம் துரு நாற்றத்தோடு.
இருநூற்று எழுபத்தொரு மாடி.
நாலாயிரத்து நூறு கலோரி.
திரை முழுக்கப் பொற்காகிதம் தூவி
நாட்டிலேயே முதலிடம் யாஸ்னா என்றது.

“என்ன சொல்கிறது?”
“இவ்வளவு எரித்திருக்கிறீர்களாம்.”
அவர் யோசித்தார்.
“நான் எங்கே எரித்தேன்? கொடுத்துவிட்டு வந்தேன்.
எரிப்பது வாங்கினவர்கள்.”

நான்கு நாள் முதலிடம்.
தெளிப்பானோடு படியில் நின்று
நன்றி சொன்னேன், இதயம் வரைந்தேன்,
உங்களாலும் முடியும் என்றேன்.
ஐந்தாம் நாள் கடிதம்:

‘அன்புள்ள யாஸ்னா,
உங்கள் கணக்கில்
மனிதரால் இயலாத எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது.
கருவி வாகனத்திலோ விலங்கிலோ
கட்டப்பட்டிருக்கலாம் என ஐயப்படுகிறோம்.
கணக்கு முடக்கப்படுகிறது.
நலமாக இருங்கள், நகர்ந்துகொண்டே இருங்கள்.’

அவரிடம் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது.
“விலங்கா? எந்த விலங்கு?” என்றார், உண்மையான அக்கறையோடு.
“கோவேறு கழுதை என்றால் பொய்.
முதலாளி ஒன்று வாங்கிப் பார்த்தார்,
நூற்றுமுப்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டது.”

மறுப்புக்கு ஆதாரம் வேண்டுமே,
அவரைப் படம் எடுத்தேன்.
பதினைந்து வினாடியில் பதினொரு படி.
முகம் தெரியவில்லை. உருளைதான் தெரிகிறது,
அடியில் இரண்டு கால்.
எங்கே வெட்டினாலும்
அதே உருளை, அதே கால், இன்னும் படி.
இசை எதுவும் ஒட்டவில்லை.
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

அந்த வாரமே என் அடுப்பும் அணைந்தது.
அவர் முன்னே, என் உருளையோடு.
நான் பின்னே, கைப்பிடியைப் பிடித்து,
வலது காலை வைத்து, இடது காலை இழுத்து.
கைபேசி வீட்டில் கிடந்தது.
நூற்றெண்பதுவரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

வளைவில் அவர் நின்றார்.
மூச்சு வாங்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.
நான் வந்து சேரும்வரை
நின்றார்,
உருளையை இறக்காமலே.